ஈயம் வார்க்க என்னென்ன வேண்டும்

ஈயம் என்ற ஒரே சொல்லால் தமிழில் இரண்டு உலோகங்களைக் குறித்து வருகிறோம். பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம். வலையின் ஓரத்தில் மீனவர் கோக்கும் குண்டும், துப்பாக்கியின் தோட்டாத் தலையும் காரீயம். அச்சகங்களில் புழங்கிய எழுத்து இவ்விரண்டும் கலந்தது. அதில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கண்ணுக்கு மை தீட்ட உதவிய அஞ்சனக்கல்லிலிருந்து பிரித்தெடுக்கும் ஆன்டிமனி அது. காரீயம் எடையையும், வெள்ளீயம் ஓட்டத்தையும், அஞ்சனம் கடினத்தையும் தர, மூன்றும் சேர்ந்து நூல்களைச் சுமந்தன.

இந்தக் கலவையைக் கையால் உருக்கி வார்க்க வேண்டிய தேவை எங்களுக்கு வந்தது. எங்கள் கல்லூரித் தமிழ்த்துறையில் ஒரு பழைய டிரெடில் அச்சு எந்திரமும் சில பெட்டி எழுத்துகளும் இருக்கின்றன. மாணவர்கள் ஒரு பக்கத்தையேனும் கையால் கோத்து அச்சிட்டுப் பார்த்தால் பதிப்பு வரலாறு புரியும் என்று அவற்றைப் பாதுகாத்து வைத்தோம். ஆனால் 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பிருந்த வடிவங்கள் அந்தப் பெட்டிகளில் போதுமான அளவு இல்லை. துதிக்கை தூக்கிய பழைய ணை, லை, ளை, னை. கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழன்று ஒட்டிய ணா, றா, னா. இவை இல்லாமல் ஐம்பதுகளில் வந்த ஒரு பக்கத்தை அதன் உருவிலேயே மீட்டெடுக்க முடியாது. எங்களுக்கு வேண்டியவை முந்நூறு எழுத்துகளுக்குமேல் இரா. ஆனால் நாங்கள் தேடிச் சென்ற எழுத்து வார்ப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டிருந்தன.

ஆகவே நாங்களே வார்ப்பது என்று முடிவாயிற்று. நாங்கள் என்பது மூவர்: தமிழ் விரிவுரையாளர் ஒருவர், வேதியியல் விரிவுரையாளர் ஒருவர், நாற்பதாண்டுகள் அச்சுக்கோத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர். அவரை நாங்கள் ஐயா என்போம். அவர் எங்களைச் சார் என்பார்.

புதிதாகத் தொடங்குபவர் என்ன கருவி வாங்க வேண்டும் என்று தேடியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. வீட்டில் ஈயம் வார்ப்பதற்கென்று தொடக்கநிலைக் கருவிகளைச் செய்து விற்கிற பெரிய சந்தை, அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர்களின் சந்தைதான். லீ, லைமன், ஆர்.சி.பி.எஸ். போன்ற நிறுவனங்கள் சட்டி, கரண்டி, அச்சு, வெப்பமானி என்று ஒவ்வொன்றையும் தொடக்கக்காரருக்கு ஏற்ற விலையில் தருகின்றன. எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்று அவர்கள் நெடுங்காலமாகப் பேசிச் சேர்த்த அறிவு நிறைய. குண்டு வார்ப்பது எங்கள் நோக்கமன்று. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி அதில் இறங்கவும் முடியாது. ஆனால் குண்டுக்கும் எழுத்துக்கும் உலை ஒன்றே என்பதால், அவர்களுடைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எது எங்களுக்கு ஆகும், எது ஆகாது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்தோம்.

இந்த உறவு புதிதன்று. 1776 ஜூலையில் நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையை மக்கள் இழுத்துத் தள்ளினார்கள். அதன் துண்டுகள் கனெக்டிகட்டின் லிச்ஃபீல்டுக்குப் போயின. அவ்வூர்ப் பெண்களும் பிள்ளைகளும் அவற்றை உருக்கி 42,088 தோட்டாக்கள் செய்ததாக ஆலிவர் வால்காட் குறித்த கணக்கு இருக்கிறது. அவர்களிடம் இருந்தவை சட்டி, கரண்டி, கை அச்சு என்ற மூன்றுதான். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1978 ஜூலையில், நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் சூட்டு ஈய எழுத்துக்கு விடைகொடுத்துக் கணினிக்கு மாறிற்று. அவ்வாறு மூடிய அச்சகங்களின் லைனோடைப் உலோகத்தைக் குண்டு வார்ப்பவர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். 100 பங்கில் 84 காரீயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம் கொண்ட அந்தக் கலவை தூய காரீயத்தைவிட நான்கு மடங்குக்குமேல் கடினமானது. செய்தியைச் சுமந்த உலோகம் எத்தனையோ துப்பாக்கிகளில் குண்டாகிப் போயிருக்கிறது. நாங்கள் செய்ய நினைத்தது, அவர்களுடைய சட்டியை வாங்கி எழுத்தின் பக்கம் திருப்பிவிடுவது.

முதலில் சட்டி. தொடக்கக்காரர் மனம் பெரிய சட்டியை நோக்கித்தான் ஓடும். 20 பவுண்டு கொள்ளும், அடியில் துளையும் மேலே நெம்புகோலும் கொண்ட மின்சட்டி பார்க்கவே ஆசையூட்டும். கோலைத் தூக்கினால் ஈயம் அச்சுக்குள் நேரே இறங்கும். ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கில் குண்டு வார்ப்பவருக்கு அது வசதி. எங்கள் கணக்கு வேறு. 12 புள்ளி அளவில் சதுரமான ஓர் எழுத்தின் எடை 4 கிராமைச் சற்றே தாண்டும். முந்நூறு எழுத்துக்கு ஒன்றரைக் கிலோ போதும். வாலாக நீளும் உபரி ஈயத்தைச் சேர்த்தாலும் மூன்று கிலோவுக்குள் அடங்கும். அதோடு கை அச்சில் எழுத்து வார்க்கும்போது, ஊற்றிய கணமே அச்சை ஓர் உதறு உதற வேண்டும். அப்போதுதான் ஈயம் எழுத்தின் நுண்ணிய வளைவுகளுக்குள் போய் நிற்கும். அடித்துளைச் சட்டியின் கீழே அச்சை வைத்துக்கொண்டு உதற முடியாது. துளை வழியே சொட்டுச் சொட்டாக ஒழுகுவதும் அவ்வகைச் சட்டிகளின் பொதுவான தொல்லை. ஆகவே மேலே திறந்த 10 பவுண்டுச் சட்டியே போதும் என்று முடிவு செய்தோம். அமெரிக்கக் கடைகளில் கிடைப்பவற்றுள் பல 110 வோல்ட்டுக்கானவை. நமக்கு 220 வோல்ட்டுக்கென்று கேட்டு வாங்க வேண்டும். மின்சட்டி எட்டாதவர்கள் வார்ப்பிரும்புச் சட்டியை எரிவாயு அடுப்பில் வைத்தும் வார்க்கலாம். அலுமினியப் பாத்திரம் மட்டும் கூடவே கூடாது. நேரடித் தீயில் அது தளர்ந்து கிழிந்தால் உருகிய ஈயம் காலில் கொட்டும். எந்தச் சட்டியானாலும் வார்ப்பதற்கென்று வந்தது மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது.

இரண்டாவது கரண்டி. இதற்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. மூக்கு வைத்த சிறிய இரும்புக் கரண்டி, அதற்கு மரப்பிடி. ஒரு எழுத்துக்கு வேண்டிய ஈயத்தைவிடச் சற்றே கூடுதலாக மொண்டால் போதும். கசடு வழிக்க இன்னொரு கரண்டி தனியாக வேண்டும்.

மூன்றாவது வெப்பமானி. ஐயா இதை வீண் செலவு என்றார். மடித்த தாள்முனையை ஈயத்தில் வைத்து எடுத்தால் பற்றிக்கொள்ளாமல் பழுப்பாக வேண்டும், அதுவே பதம் என்பது அவர் அறிந்த சோதனை. அந்தச் சோதனை பொய்யன்று. ஆனால் எங்களுக்கு வெப்பமானி வேண்டியதற்குக் காரணம் பதம் மட்டுமன்று, துத்தநாகம். அச்சகக் கழிவில் ஈய எழுத்தோடு படங்களுக்கான துத்தநாக பிளாக்குகளும் கலந்து கிடக்கும். காரீயம் 327 பாகை செல்சியஸில் உருகும். அச்செழுத்துக் கலவை அதற்கும் கீழேயே உருகத் தொடங்கும். துத்தநாகம் உருக 419 பாகை வேண்டும். சட்டி 400-க்குக் கீழே இருக்கும்வரை தவறி விழுந்த துத்தநாகத் துண்டு உருகாமல் மிதக்கும். கரண்டியால் எடுத்து எறிந்துவிடலாம். அதைத் தாண்டவிட்டால் கலந்துவிடும். பிறகு அந்தச் சட்டி ஈயம் முழுவதும் கூழாகி, அச்சில் சரியாக இறங்காது. சமையலறை வெப்பமானிகள் இந்தச் சூட்டுக்கு எட்டா. வார்ப்பவருக்கென்று நீண்ட தண்டோடு செய்யப்பட்டதையே வாங்க வேண்டும். குண்டு வார்ப்பவர்களிடமிருந்து நாங்கள் பெற்ற மிகப் பயனுள்ள அறிவுரை இது.

நான்காவது அச்சு. இங்கேதான் குண்டும் எழுத்தும் பிரிகின்றன. குண்டு வார்க்கத் தொடங்குபவருக்கு இரு குழி கொண்ட அலுமினிய அச்சையே பெரும்பாலும் சொல்வார்கள். விலை குறைவு, விரைவில் சூடேறும், துருப்பிடிக்காது. அதற்குள் ஊற்றினால் ஆயிரம் முறையும் ஒரே உருவம்தான் வரும். எழுத்தின் அச்சு அப்படியன்று. ட குறுகியது, ணை அகன்றது. ஒவ்வொன்றும் வேறு அகலம்; ஆனால் உயரம் மட்டும் இம்மி பிசகக்கூடாது. எழுத்தின் உயரம் 0.918 அங்குலம். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு குறைந்தாலே அந்த எழுத்து தாளில் வெளிறும். கூடினால் தாளைக் குத்தும். எஃகால் செய்த இரண்டு எல் வடிவப் பாதிகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து, அகலத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் கை அச்சு இதற்குத் தீர்வு. அதன் அடியில் எழுத்தின் குழிந்த முகமாகிய மாட்ரிக்ஸைப் பொருத்துவார்கள். ஐரோப்பாவில் கூட்டன்பர்க்கின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கண்டுபிடிப்புகளுள் பின்வந்த அச்சுக்கலை முழுவதும் சாய்ந்து நின்றது இந்தச் சிறு கருவியின் மேல்தான். 1683-84-இல் லண்டனில் ஜோசப் மாக்ஸன் எழுதிய கைவினை நூல் இதன் ஒவ்வோர் உறுப்பையும் விவரிக்கிறது. பழகிய கை ஒரு நாளில் நாலாயிரம் எழுத்து வார்க்கும் என்கிறது.

ஆகவே எங்கள் பணத்தின் பெரும்பகுதி அச்சுக்குப் போயிற்று. கோவையில் நுண்கருவி செய்யும் ஒரு பட்டறையில் வரைபடம் கொடுத்துச் செய்யச் சொன்னோம். சட்டி, கரண்டி, வெப்பமானி எல்லாம் சேர்ந்த விலையைப்போல் நான்கு மடங்கு ஆயிற்று. மாட்ரிக்ஸுக்கு வேதியியல் நண்பர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வழியொன்றைக் கையாண்டார். எங்களிடம் எஞ்சியிருந்த ஒரே ஒரு நல்ல பழைய ‘லை’யைத் தாமிர சல்பேட் கரைசலில் தொங்கவிட்டு, மெல்லிய மின்னோட்டத்தால் அதன் முகத்தின்மேல் தாமிரம் படியவைத்தார். சில நாள்களில் தடித்த அந்தத் தாமிரப் பொருக்கைக் கழற்றினால் உள்ளே எழுத்து குழிவாக இருந்தது.

ஐந்தாவது உலோகம். கருவிப் பட்டியலில் இதைச் சேர்ப்பது வழக்கமில்லை. ஆனால் தொடக்கக்காரரின் பணியை இதுவே தீர்மானிக்கிறது. தரங்கம்பாடி வரலாற்றில் இதற்கொரு சுவையான சான்று உண்டு. 1713-இல் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, தாளை விழுங்கின. சிறிய எழுத்து வார்க்க ஈயம் தேவைப்பட்டபோது, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்துவந்த ஈய உறைகளை உருக்கியதாகச் சொல்வார்கள். கிடைத்ததை உருக்குவது அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் எதையும் உருக்கலாம் என்பதில்லை. பழைய வண்டிப் பேட்டரியின் தகடுகளைத் தொடவே கூடாது. அமிலமும் ஈயத்தூளும் ஒருபுறமிருக்க, அவற்றில் கலந்துள்ள உலோகங்களிலிருந்து கொடிய நச்சு வாயுக்கள் கிளம்பக்கூடும். செனகல் நாட்டின் டாக்கர் நகரை ஒட்டிய தியாரோயில், பேட்டரி ஈயம் கலந்த மண்ணைச் சலித்தெடுத்த குடியிருப்பில், 2007 இறுதியிலிருந்து 2008 தொடக்கத்துக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

எங்களுக்கு ஏற்றது பழைய அச்செழுத்தே. கலவை ஏற்கெனவே சரியாக இருக்கும். மூடிய அச்சகம் ஒன்றின் எழுத்துகளைப் பழைய இரும்பு வியாபாரி எடைக்குத் தரச் சம்மதித்தார். ஐயா அந்தச் சாக்குகளைப் பார்த்தார்.

“சார், ஒண்ணையும் உருக்காதீங்க. முதல்ல பிரிப்போம். உருக்கிட்டா திரும்ப வராது.”

மூன்று வாரம் சாக்குகளைப் பிரித்தோம். பித்தளைக் கோடுகள் தனி, துத்தநாக பிளாக்குகள் தனி, முகம் தேய்ந்தவை தனி. தேயாத எழுத்துகளுக்கிடையே முப்பத்தொரு பழைய ‘னை’யும் பத்தொன்பது ‘றா’வும் இருந்தன. வார்க்க வேண்டிய எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறைந்தது. உருக்குவதற்குமுன் பிரிக்க ஒரு தட்டும் பொறுமையும் வேண்டும் என்பதைக் குண்டு வார்ப்பவர்களின் பட்டியலில் நாங்கள் காணவில்லை. குண்டுக்காகச் சேரும் கழிவில் உருக்கக்கூடாத ஒன்று இருக்கும் என்று அவர்கள் எண்ண வேண்டியதில்லை. வெள்ளீயம் குறைந்தால் அவர்கள் பழைய பியூட்டர் கிண்ணங்களைச் சேர்ப்பார்கள். நமக்கு ஈயச்சொம்பு இருக்கிறது. நல்ல வெள்ளீயத்தை வளைத்தால் மெல்ல நெறுநெறுக்கும்; தாளில் தேய்த்துக் கறுப்பாகக் கோடு விழுந்தால் அதில் காரீயம் கலந்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். அப்படிப்பட்ட சொம்பில் ரசம் வைப்பதும் ஆபத்து.

ஆறாவதாகச் சொல்வதை எல்லாவற்றுக்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைப் பருத்தி உடை, மூடிய காலணி, நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி. பக்கத்தில் தண்ணீர்க் குடம் கூடாது. ஒரு சொட்டு நீர் உருகிய ஈயத்துக்கு அடியில் சிக்கினால், நொடியில் ஆயிரத்து அறுநூறு மடங்குக்குமேல் ஆவியாக விரிந்து சட்டியிலுள்ளதை முகத்தில் வீசும். ஈரம் பட்ட எழுத்தைச் சூடான சட்டியில் போடக்கூடாது என்பது இதனால்தான். வார்க்குமிடம் காற்றோட்டமுள்ள வெளிக்கொட்டகையாக, ஆனால் மழைச்சாரல் படாததாக இருக்க வேண்டும்.

பலர் அஞ்சுவது ஈய ஆவியை. ஈயம் கொதிக்க 1,749 பாகை வேண்டும்; வார்க்கும் சூட்டில் எழும் ஆவி சொற்பம். உண்மையான பகை மேலே படியும் கசட்டுத் தூள். அது விரலில் ஒட்டி, விரலிலிருந்து வாய்க்குப் போகிறது. உடையில் ஒட்டி வீட்டுக்குப் போகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் இரத்தத்தில் கவலைக்குரியதாகக் கொள்ளும் அளவை 2021-இல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. தீங்கற்ற அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை.

மாக்ஸன் காலத்து வார்ப்பகங்களில், ஆன்டிமனி உருக்கிய தொழிலாளருக்கு நச்சு முறிவாக மதுவில் எண்ணெய் கலந்து கொடுப்பார்களாம். ஐயா வேலைபார்த்த அச்சகத்தில் வாழைப்பழம் கொடுத்தார்கள். “ஈயத்தை இறக்கிடும்னு முதலாளி சொல்வார். நாங்களும் சாப்பிட்டோம், கை கழுவாமயே,” என்று சிரித்தார். மதுவும் பழமும் ஈயத்தை இறக்குவதில்லை.

சட்டியைச் சூடேற்றுமுன் மூவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். ஆசிரியர் இருவர்க்கும் அளவு குறைவு. ஐயாவுக்குக் கூடுதலாக இருந்தது. அவர் அச்சகத்தை விட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. உடலுக்குள் போன ஈயம் எலும்பில் தங்கிவிடும் என்றும், இருபது முப்பது ஆண்டுகளானாலும் சிறிது சிறிதாக இரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் என்றும் மருத்துவர் விளக்கினார். அவர் கோத்த பக்கங்களின் மிச்சம் அவர் எலும்பில் இருக்கிறது.

அந்தத் தாளைப் படித்தபின் கருவிப் பட்டியலோடு ஆள் பட்டியலையும் திருத்தினோம். உருக்குவதும் ஊற்றுவதும் வேதியியல் நண்பர். மாணவர்கள் கோப்பார்கள், அச்சிடுவார்கள், உலைக்கருகே வரமாட்டார்கள். ஐயா சட்டி ஆறும்வரை கொட்டகைக்கு வெளியே இருப்பார். இதை அவரிடம் சொல்வது எளிதாக இல்லை. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “டைப்பையே தொடாதேன்னு சொல்லிடாதீங்க சார்,” என்றார். அதைச் சொல்லவில்லை. கட்டியான எழுத்தைக் கையால் எடுப்பதில் ஆபத்து குறைவு. சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னக்கூடாது என்ற விதி மட்டும் அவருக்கும் மாணவர்களுக்கும் பொது. ஆகவே எங்கள் கடைசிக் கருவி ஒரு கைகழுவும் தொட்டி. தரையைப் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்பதற்காகத் துடைப்பத்தை எடுத்துவிட்டதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஈயம் வார்க்கத் தொடங்க நினைப்பவர் எவரும் எங்களைக் கேட்டால் சொல்வது இதுதான்: சட்டியில் மிச்சம் பிடியுங்கள், அச்சிலும் வெப்பமானியிலும் மூச்சிலும் பிடிக்காதீர்கள். எவ்வளவு வார்க்கப்போகிறோம் என்ற கணக்கை முதலில் போட்டுவிட்டால், ஆசையால் வாங்கும் கருவிகளில் பாதி தாமாகவே கழிந்துவிடும்.

அச்சு குளிர்ந்திருந்ததால் முதலில் வார்த்த இருபத்தைந்து எழுத்துகளும் சுருங்கியும் முனை மழுங்கியும் வந்தன. அவை மறுபடி சட்டிக்கே போயின. இது எல்லா வார்ப்புக்கும் பொதுவான தொடக்கம்தான். அச்சு சூடேறியபின் வந்தவை கூராக இருந்தன. வாலை ஒடித்து, அடியைச் சமன்செய்து, ஆறியபின் தட்டில் வைத்து வெளியே கொண்டுபோனோம். ஐயா ஒன்றை எடுத்து விரலால் முகத்தைத் தடவினார். பழைய எழுத்து ஒன்றை அதன் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஓர் எஃகுச் சட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “இன்னும் ஒரு மயிரிழை தேய்க்கணும் சார்,” என்றார்.